கூஜா நிறையத் தண்ணீர்

தென் ஜில்லாக்களுக்கு யார் போனாலும் எங்கள் தாம்பரத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். ரயிலில் போனாலும் சரி, மோட்டாரில் போனாலும் சரி. தீபாவளி, பொங்கல் சமயங்களில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால், பட்டணத்தில் இனி ஈ காக்கைகூட மிச்சம் இருக்காது என்று தோன்றும். 2023-ஆம் வருஷக் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகோ கேட்கவே வேண்டாம்.

இப்படி ஊரையெல்லாம் வழியனுப்பிக்கொண்டிருக்கும் நாம் மட்டும் எதையும் பார்ப்பதில்லை. கல்யாணம் என்றால் விழுப்புரம், துக்கம் என்றால் திருச்சி. முகூர்த்தத்துக்குள் போய்ச் சேரவேண்டுமே என்று கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே ஓட்டம்! வழியிலே இருப்பதெல்லாம் வழியிலேயே இருந்துவிடுகிறது.

என் தங்கையின் பெண் ஆஸ்திரேலியாவில், டார்வின் நகரத்தில் குடித்தனம் செய்கிறாள். பூகோளப் படத்தைப் பிரித்துப் பாருங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் நம் தாம்பரம். தெற்கே ஏறக்குறைய 12½ பாகையில் டார்வின். நமக்கு அடிக்கிற அதே வெயில்தான் அங்கேயும். போன வருஷம் அவளும் கணவரும் இரண்டு குழந்தைகளும் வண்டியில் ஏறி, காக்கடு என்ற பெரிய வனத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே தெற்கே பாலைவனத்து நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை போய் வந்தார்கள். டார்வினிலிருந்து அந்த ஊர் சுமார் 1,500 கிலோமீட்டர். நாம் இங்கிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பி வந்தாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும்!

டெலிபோனில் படம் படமாக அனுப்பினாள். இரண்டு ஆள் உயரத்துக்குக் கறையான் புற்றுகள். 'ஆற்றில் முதலை உண்டு, இறங்காதே' என்று எச்சரிக்கும் பலகைகள். மூன்று நான்கு வண்டிகளைக் கோத்து, ரயில் மாதிரி ஐம்பது மீட்டர் நீளத்துக்குப் போகும் லாரிகள். எல்லாவற்றையும்விட என் மனத்தில் நின்றது அவள் சொன்ன ஒரு வார்த்தை. "அந்த ரோட்டில் கிளம்புகிறவர்கள் பெட்ரோலுக்கு முன்னால் தண்ணீரைத்தான் எண்ணுவார்கள், பெரியம்மா. ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று கணக்குப் பண்ணி ஏற்றவேண்டும். தாகம் எடுக்கிறதோ இல்லையோ, குடித்துக்கொண்டே போகவேண்டும்."

நான் சற்று யோசித்துவிட்டு, "அது சரி, அவ்வளவு தண்ணீரைக் குடித்துவிட்டு வழியிலே..." என்று இழுத்தேன்.

அவள் சிரித்துவிட்டாள். "முதலையைப் பற்றிக் கேட்கவில்லை, புற்றைப் பற்றிக் கேட்கவில்லை. நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்!" என்றாள்.

பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! நீங்களே நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். வெளியூர்ப் பயணம் என்றால் விடிகாலையில் அரை டம்ளர் காப்பியோடு நிறுத்திக்கொள்வீர்களா, இல்லையா? குழந்தைக்குத் தண்ணீர், கணவருக்கு மோர், டிரைவருக்குக் காப்பி. நமக்கு மட்டும் நாக்கை நனைக்க ஒரு மடக்கு. கணவர் எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்விட்டு வருவார். நாம் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் எத்தனை தூரம்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்போம். இதை நமக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அம்மா செய்தாள், நாமும் செய்கிறோம்.

இந்த வித்தையில் என் மாமியார் மகா நிபுணி. எழுபத்து நான்கு வயது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மத்தியானம்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வருவார். இரண்டு வருஷத்துக்கு முன் மே மாதத்தில் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துப் படிக்கட்டில் நாலாவது படியில் கால் வைத்தவர், அப்படியே சரிந்தார். தாலி கட்டுகிற நேரத்தில் நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இரண்டு நாள் சலைன் ஏற்றினார்கள். சிறுநீரில் தொற்று வேறு. "வயதானவர்களுக்கு உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் தாகம் சரியாகத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள்" என்றார் டாக்டர். மாமியார் தலையாட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு, "இனிமேல் நான் எங்கேயும் வரவில்லை" என்றுவிட்டார். அன்றிலிருந்து அவருடைய உலகம் வாசல் திண்ணையிலிருந்து கொல்லைக் கிணறுவரைதான். வற்புறுத்தவும் எனக்குத் தைரியம் இல்லை.

டார்வின் படங்களைக் காட்டியபோது புற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம செங்கல்பட்டுப் பக்கம் இல்லாத புற்றா! நான்தான் எதையும் பார்த்ததில்லை" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உறுத்தியது. நாற்பது வருஷமாக அதே ரோட்டில் போய் வந்தவர் அவர்.

பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. நான் மூன்று நிபந்தனை போட்டேன். எந்த ஊருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டியதில்லை. மணிக்கு ஒரு தரம் வண்டி நிற்கவேண்டும். தண்ணீர் எல்லோருக்கும், முக்கியமாக அத்தைக்கும். கணவர், "இது பிரயாணமா, பள்ளிக்கூடமா?" என்று கேட்டார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். பரண்மேல் இருந்த மாமியாரின் பித்தளைக் கூஜாவை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். அவர் கல்யாணச் சீராக வந்த கூஜா அது. இட்லி மிளகாய்ப்பொடி, புளியோதரை, தயிர்சாதம், வடுமாங்காய். ஒரு கேன் தண்ணீர் தனி.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வண்டலூரைச் சிரமமில்லாமல் தாண்டிவிடலாம். ஒரு மணி நேரம் தாமதித்தீர்களோ, கூடுவாஞ்சேரியிலேயே வேர்த்து விறுவிறுத்துப் போவீர்கள். செங்கல்பட்டுக்கு முன்னால் பரனூர் சுங்கச் சாவடியில் முதல் நிறுத்தம். அங்கே கழிப்பிடம் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் குடிதண்ணீரும் கழிப்பிடமும் காசில்லாமல் தரவேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகள் பங்குக்காரர்களுக்கு வைத்திருக்கும் விதி. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம். மாமியார் இறங்க மறுத்தார். நானே முதலில் இறங்கினேன். பிறகு என் பெண் இறங்கினாள். மூன்றாவதாக அவரும் இறங்கினார். ஒரு கைக்குட்டை, சோப்புத்துண்டு, சின்ன வாளி, இவ்வளவும் டிக்கியில் இருந்தால் பாதிப் பயம் போய்விடுகிறது.

பாலாற்றுப் பாலத்தில் பொழுது விடிந்தது. சில வருஷங்களில் மழைக்குப் பின் தண்ணீர் இருகரையும் தொட்டு ஓடும். நாங்கள் பார்த்தபோது மணல்தான். "ஆறு காலியாக இருக்கிறதே, பாட்டி" என்றான் பையன். "காலி இல்லேடா. கீழே இருக்கு. சின்ன வயசிலே ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியாலே மொண்டு குடம் நிரப்பியிருக்கேன்" என்றார் மாமியார். வாஸ்தவந்தான். மணலுக்கடியில் ஓடும் அந்தப் பாலாற்று நீர்தான் செங்கல்பட்டுக்கும், எங்கள் தாம்பரம், பல்லாவரம் குழாய்களுக்கும் வந்திருக்கிறது. நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலைத் தொடும் நதி, பாதி வழி கண்ணுக்குத் தெரியாமலே நடக்கிறது.

படாளத்தில் வலப்புறம் திரும்பினால் வேடந்தாங்கல். தாங்கல் என்றால் சிறு ஏரி. வேடர்களின் ஏரி என்று பெயர். மொத்தமே சுமார் 30 ஹெக்டேர்தான். ஏரிக்கரை நெடுக நடக்கப் பாதையும், உட்கார மேடையும், ஏறிப் பார்க்க ஒரு கோபுரமும் இருக்கின்றன. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் இலைக்கு இலை பறவை! மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், இராக்கொக்கு, தொங்கும் பையோடு கூழைக்கடா. சத்தமோ நம் ரங்கநாதன் தெரு தோற்றுப்போகும். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போகவேண்டும். அதுவும் மழை பெய்து ஏரி நிரம்பிய வருஷமாக இருக்கவேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் பறவை இல்லை. காலையிலோ, சாயங்காலத்திலோ பார்ப்பது நல்லது.

இந்தப் பறவைகளைக் காப்பாற்றியது சர்க்கார் அல்ல, கிராமத்து ஜனங்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எரு என்று அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-இல் அவர், பறவைகளைக் காக்க ஊராருக்கு உரிமை உண்டு என்று எழுதிக் கொடுத்தார். சர்வதேச ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தது 2022-இல். ஊரார் சேர்த்துக்கொண்டது அதற்கு இருநூறு வருஷத்துக்கும் முன்னால்!

என் பெண் வாடகைத் தூரதர்சினியை மாமியார் கண்ணில் வைத்தாள். ஒரு கூட்டில் தாய் நாரை சிறகு இரண்டையும் குடைபோல் விரித்து நின்றது. வெயில் படாமல் குஞ்சுகள் அதன் நிழலில் கிடந்தன. மாமியார் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கு யாரு நிழல் தர்றது?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நான் கூஜாவைத் திறந்து நீட்டினேன். வாங்கி, அண்ணாந்து, முழுசாக ஒரு டம்ளர் அளவுக்குக் குடித்தார். சரணாலயத்திலேயே ஒரு தரம் போய் வந்தும் ஆயிற்று. வழி கேட்டதும் அவரே.

அங்கிருந்து மதுராந்தகம். ஏரி காத்த ராமர் கோயிலுக்குப் பகல் நடை சாத்துவதற்குள் போய்விட்டோம். இங்கேயும் அதே கலெக்டர் பிளேஸ்தான் வருகிறார். வருஷா வருஷம் மழையில் மதுராந்தகம் ஏரி உடைத்துக்கொள்ளும். கோயிலில் தாயார் சந்நிதி கட்டுவதற்கென்று குவித்திருந்த கல்லைப் பார்த்த கலெக்டர், "இதைக் கரைக்குப் போடலாமே" என்றாராம். "தாயாருக்கு வைத்ததைத் தொடக்கூடாது" என்றார்களாம் கோயில்காரர்கள். "இந்த வருஷம் ஏரி உடையாவிட்டால் நானே சந்நிதி கட்டித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், பெருமழை இரவில் கரைக்குப் போனபோது வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டார் என்பது கதை. கரை உடையவில்லை, ஜனகவல்லித் தாயாருக்குச் சந்நிதி எழும்பியது. கதையை நம்புவது உங்கள் இஷ்டம். எனக்கு என்னவோ, தாயாருக்கு வைத்த கல்லை விட்டுக் கொடுக்காமல் பேசினார்களே, அவர்கள்மேல்தான் மரியாதை உண்டாயிற்று.

மர நிழலில் சாப்பாடு. புளியோதரை கொஞ்சம் காரம். அதுவும் நல்லதாகப் போயிற்று. தண்ணீர் நிறையச் செலவாயிற்று. செஞ்சிவரை போகலாம் என்று கணவருக்கு ஆசை. 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான கோட்டை அது. ஆனால் மாமியாரின் முழங்கால் மலைக்கு ஒப்பவில்லை. திரும்பும் வழியில் சிங்கப்பெருமாள் கோயிலில் குடைவரை நரசிம்மரைச் சேவிக்கலாம் என்று முடிவாயிற்று.

ராத்திரி டார்வினுக்குப் படங்களை அனுப்பினேன். "எத்தனை கிலோமீட்டர், பெரியம்மா?" என்று கேட்டாள். போக வர நூற்றைம்பதுக்குள்தான். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். நான் சொல்ல மறந்தது வேறொன்று. சாயங்காலம் மறுபடியும் பாலாற்றுப் பாலம் தாண்டும்போது மாமியார் கூஜாவைக் குலுக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. மகனின் தோளைத் தட்டி, "பங்க் வந்தா நிறுத்துடா. இதையும் ரொப்பணும், நானும் இறங்கணும்" என்றார்.