உண்ண எவ்வளவு, விதைக்க எவ்வளவு?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசி வட்டாரத்துச் சிறுவர்கள் கைப்பேசியுடன் திண்ணையில் அமர்ந்துவிடுகின்றனர். கடை நடத்துதல், பண்ணை வைத்தல், நகரம் ஆளுதல் ஆகிய ஆட்டங்களில் அவர்கள் மூழ்கியிருப்பதை நாம் காண்கிறோம். இவை வீண்பொழுதுதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

இவ்வகை ஆட்டங்களுள் மிகப் பழையதொன்று வகுப்பறைக்கெனப் பிறந்தது. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மேபல் ஆடிஸ் என்னும் ஆசிரியை 'சுமேரிய ஆட்டம்' என்பதை வகுத்தார். ஐ.பி.எம். கணிப்பொறியில் அது இயங்கிற்று. ஆடும் மாணவனே பண்டைய லகாஷ் நகரின் அரசன். மக்கள் இத்தனை பேர், விளைச்சல் இவ்வளவு என்று பொறி அச்சிட்டுக் காட்டும். உணவுக்கும் விதைக்கும் களஞ்சியத்துக்கும் அவன் தானியத்தைப் பங்கிட வேண்டும். அடுத்த கட்டத்தில், மிஞ்சிய தானியத்தைக் கொண்டு கைத்தொழில்களை வளர்க்க வேண்டும். உழவில் மிச்சமின்றேல் தறியும் ஓடாது என்பது இதனால் விளங்கும்.

இதை நம் கணக்கில் வைத்துப் பார்ப்போம். சிற்றாற்றுப் பாசனத்தில் கார்ப் பூவில் 100 கோட்டை நெல் கண்டதாகக் கொள்வோம். உணவுக்கு 70, விதைக்கு 10, இருப்புக்கு 20 என்பது ஒரு பங்கீடு. உணவுக்கே 95 எடுத்துவிட்டால் விதைக்கு 5-தான் மிஞ்சும். பிசானத்தில் பாதி வயல் தரிசாகும். மழை பொய்த்தாலோ, கைகொடுக்க இருப்பும் இராது.

இவ்வாட்டங்களில் குறையும் உண்டு. 2009-இல் வெளிவந்து 2020-இன் இறுதியில் மூடப்பட்ட 'ஃபார்ம்வில்' ஆட்டத்தில், மெய்யான பணம் செலுத்தி ஆட்டப் பொருள்களை வாங்க வழியிருந்தது. இன்றும் பல ஆட்டங்களில் அவ்வழி உண்டு. ஆதலின் பெற்றோரின் பணக்கணக்கு சிறுவர் கைக்கு எட்டாதிருத்தல் நன்று.

மற்றொரு குறை இதனினும் பெரிது. இவற்றில் பெரும்பாலும் ஆள்பவன் ஒருவனே. மக்கள் வெறும் எண்ணிக்கை. நம் சங்கத்திலோ நூல் பெறும் நெசவாளருக்கும் பயிர்க்கடன் பெறும் விவசாயிக்கும் ஆளுக்கொரு வாக்கு உண்டு. மகாசபையில், "லாபம் முழுவதையும் பங்கிட்டுத் தாருங்கள்" என்று கேட்கும் அங்கத்தினர் உண்டு. அவர்தம் தேவை மெய்யே. ஆயினும் சேமநிதி நமது விதைநெல் அன்றோ? துணி தேங்கிய மாதத்தில் கூலிக்குத் துணை நிற்பது அதுவே.

எனவே பிள்ளைகளை அதட்டுமுன், அருகமர்ந்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். "இருப்புக்கு எவ்வளவு வைத்தாய்?" என்று கேளுங்கள். நாளை மகாசபையில் கை உயர்த்தப் போகிறவர்கள் அவர்களே.