ஒரே பொருள், சைஸ் மட்டும் வேறு: கியூஎல்இடி டிவிக்குள் நிறம் பிறப்பது எப்படி?

பெரம்பலூர் மக்காச்சோளத்தை எவ்வளவு நைஸாக அரைத்தாலும் மாவு மஞ்சள்தான். அரியலூர் சுண்ணாம்புக்கல்லை சிமென்ட் ஆலையில் பொடியாக்கினாலும் அது பச்சையாகவோ சிவப்பாகவோ ஆகிவிடாது. ஆனால், சைஸைக் குறைத்தாலே ஒளியின் நிறம் மாறுகிற பொருள்களும் இருக்கின்றன. நம்ம ஊர் கடைகளில் ‘கியூஎல்இடி’ என்று விற்கும் டிவிக்குள் இருப்பது அதுதான்.

உள்ளே அப்படி என்ன இருக்கு?

‘குவாண்டம் புள்ளிகள்’ எனப்படும் குறைக்கடத்திப் படிகங்கள். ஒரு மில்லிமீட்டரைப் 10 லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர். காட்மியம் செலினைடு படிகம் சுமார் 3 நானோமீட்டர் இருந்தால் பச்சையாக ஒளிரும். அதே படிகம் சுமார் 6 நானோமீட்டர் இருந்தால் சிவப்பு.

சைஸுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்?

படிகத்தின் மீது ஒளி பட்டதும் எலெக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவும். திரும்ப இறங்கும்போது அந்த ஆற்றலை ஒளியாக விடும். எலெக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டு. இடம் நெருக்கமானால் அதன் ஆற்றல் கூடும்; இறங்க வேண்டிய உயரமும் கூடும். ஆற்றல் கூடினால் ஒளி நீலத்தை நோக்கி நகரும், குறைந்தால் சிவப்பை நோக்கி.

நாதஸ்வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குட்டையான திமிரியில் சுருதி அதிகம். நீளமான பாரியில் குறைவு. கிட்டத்தட்ட அதே கதைதான்.

1980-களின் தொடக்கத்தில் அலெக்ஸி எகிமோவ் இதை நிறக் கண்ணாடியிலும், லூயிஸ் புரூஸ் திரவத்தில் மிதந்த துகள்களிலும் கண்டார்கள். ஒரே சைஸில் தரமான புள்ளிகளைத் தயாரிக்கும் வழியை 1993-ல் மௌங்கி பவெண்டி உருவாக்கினார். மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

சரி, டிவி வாங்கப் போறேன். எதைக் கவனிக்கணும்?

பெயரைப் பார்த்து ஓஎல்இடி என்று நினைத்துவிடாதீர்கள். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும். கடைகளில் கிடைக்கும் கியூஎல்இடி, அடிப்படையில் எல்சிடி டிவிதான். பின்னால் எரியும் நீல எல்இடி ஒளியில் ஒரு பகுதியைப் புள்ளிகள் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருகின்றன. நிறம் பளிச்சென்று இருக்கும். ஆனால், முழுக் கறுப்பில் ஓஎல்இடிக்குத்தான் முதலிடம்.

இன்னொன்று, காட்மியம் நச்சு உலோகம். அதனால் இண்டியம் பாஸ்பைடு புள்ளிகளுக்கு மாறிய நிறுவனங்களும் உண்டு. ‘காட்மியம் இல்லாதது’ தானா என்று கடையில் கேளுங்கள். பழைய டிவியை உடைக்கவோ எரிக்கவோ வேண்டாம்; மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். புள்ளி சின்னதுதான், பொறுப்பு சின்னதல்ல.