கருவிழியை மாத்தலாம், பார்வை நரம்பை?

செஞ்சியில் எங்க தெருப் பெரியவர் ஒருவருக்கு கிளாகோமா. ஒரு கண் முழுசாப் போச்சு. இன்னொன்றில் குழாய் வழியாகப் பார்ப்பது போலக் கொஞ்சம் தெரியும். போன வாரம் கூப்பிட்டு, "தம்பி, யாராவது கண் தானம் குடுத்தா எனக்கு மாத்தி வைப்பாங்களா? கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லேன்" என்றார். தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கண் தானம் என்றாலும் முழுக் கண்ணையும் மாற்றுவதில்லை. முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் கருவிழியைத்தான் மாற்றுகிறார்கள். நடுவில் அரை மில்லிமீட்டர்தான் தடிமன். அதில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால் அடுத்தவருடைய கருவிழியை உடம்பு ஓரளவு எளிதாக ஏற்றுக்கொள்கிறது. 1905-லேயே எடுவார்ட் சிர்ம் இதை வெற்றிகரமாகச் செய்தார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் வந்தது. கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் முற்றினாலும் இந்த வழி இருக்கு.

பார்வை நரம்பு வேறு கதை. கருவிழி கேமராவின் கண்ணாடி என்றால், இது கேமராவிலிருந்து மூளைக்குப் போகும் கேபிள். உள்ளே சுமார் 10 லட்சம் இழைகள். பட்டுப்போன இழை திரும்ப வளராது. வேறொன்றை ஒட்டவைக்கவும் இன்னும் யாருக்கும் தெரியாது. 2023 மே மாதம் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே பொருத்தினார்கள். கண்ணில் ரத்தம் ஓடியது. பார்வை வரவில்லை.

கிளாகோமா இந்த இழைகளைத்தான் தின்கிறது. பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப் பார்வை முதலில் போவதால் தெரியவும் தெரியாது. அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகக் கிராமங்களில் 40 வயது தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில் 2.6 சதவீதம் பேருக்கு கிளாகோமா. சங்கர நேத்ராலயா சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் உறைக்கும்: மெதுவாக வளரும் வகை கிளாகோமா இருந்தவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாது.

இதைச் சொன்னபோது அவர், "சொட்டு விட்டும் பார்வை கூடலையேன்னு நிறுத்திட்டேம்பா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொட்டு மருந்து பார்வையைக் கூட்டாது. கண் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமுள்ள இழைகளைக் காப்பாற்றத்தான் அது. மறுநாளே மருத்துவரைப் பார்க்க வைத்தோம்.

உங்களுக்கும் சொல்கிறேன். 40 தாண்டியவர்கள் கண்ணாடி பவர் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கண் அழுத்தம், நரம்பு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. கூடப் பிறந்தவர்களுக்கோ பெற்றோருக்கோ கிளாகோமா என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். கண் சிவந்தால் மெடிக்கலில் நீங்களாக ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீர்கள். சிலருக்கு அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும்.

பெரியவரின் மகனுக்கு 46 வயசு. இன்னும் பரிசோதிக்கவில்லை. வர்ற சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன்.