குதிரை நடந்த வழி: பழைய புதிரும் சின்னக் கம்ப்யூட்டரும்

சதுரங்கப் பலகை இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அந்தப் பலகையில் மற்றக் காய்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு குதிரையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குதிரை நேராக இரண்டு கட்டம் சென்று பக்கவாட்டில் ஒரு கட்டம் திரும்பும். இந்த நடையை மட்டுமே கொண்டு 64 கட்டங்களையும் சுற்றி வரவேண்டும். எந்தக் கட்டத்தையும் இரண்டாம் முறை மிதிக்கக் கூடாது. முடியுமா?

முடியும். ஆனால் கையால் முயன்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதாவது கட்டத்தைத் தாண்டிய பிறகு மாட்டிக்கொள்வார்கள். மிதிக்காத கட்டங்கள் நான்கைந்து ஆங்காங்கே எஞ்சி நிற்கும். குதிரை அவற்றை எட்ட முடியாது. இந்தப் புதிருக்கும் நாம் வாழும் மைசூருக்கும், நம் தமிழ் மண்ணுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதனை அறிந்துகொண்டு, பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சிறு கம்ப்யூட்டரில் இதைத் தீர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

காஞ்சியும் மைசூரும்

குதிரை நடையைக் கவிதையில் கட்டும் வழக்கம் வடமொழியில் மிகப் பழமையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் தமது காவ்யாலங்காரத்தில் பாதிப் பலகைக்கு, அதாவது 4 வரிசையும் 8 நெடுவரிசையும் கொண்ட 32 கட்டங்களுக்கு, இதைச் செய்து காட்டினார். தமிழிலும் நாகபந்தம், முரசபந்தம் போன்ற சித்திரகவிகள் உண்டென்பதை வாசகர்கள் அறிவார்கள்.

காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், திருவரங்கநாதனின் பாதுகைகளைப் போற்றிப் பாதுகா சஹஸ்ரம் என்ற நூலை இயற்றினார். அதில் சித்திர பத்ததி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே அடுத்தடுத்து வரும் இரண்டு சுலோகங்களுக்கும் தலைக்கு 32 எழுத்துக்கள். முதல் சுலோகத்தை 4×8 கட்டங்களில் எழுதிவிட்டுக் குதிரை நடையில் படித்துச் சென்றால் இரண்டாம் சுலோகம் கிடைக்கும்! இரண்டுக்கும் பொருளும் உண்டு. திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளான காலத்தில் தேசிகர் சத்தியகாலம் என்ற ஊரில் வந்து தங்கினார் என்பது மரபு. அந்த ஊர் கொள்ளேகால் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது. கொள்ளேகால் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்ததை நம்மில் மூத்தவர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம்.

இனி மைசூருக்கு வருவோம். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1799இல் ஐந்து வயதுச் சிறுவராக அரியணை ஏறியவர். 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டனர். அதன் பிறகு 1868இல் மறையும் வரை அவர் கலைகளிலும் நூல்களிலும் பலகை விளையாட்டுகளிலும் மனத்தைச் செலுத்தினார். குதிரைத் தடங்கள் பலவற்றை அவர் அமைத்தார். அவற்றுள் ஒருவகை நம்மை வியக்க வைக்கும். குதிரை மிதிக்கும் வரிசைப்படி கட்டங்களுக்கு 1 முதல் 64 வரை எண் இட்டால், ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் ஒவ்வொரு நெடுவரிசையின் கூட்டுத்தொகையும் 260 ஆக வரும்! ஐரோப்பாவில் இத்தகைய தடத்தை முதலில் வெளியிட்டவர் பெவர்லி என்ற ஆங்கிலேயர், ஆண்டு 1848. மூலைவிட்டங்களிலும் 260 வரும் தடம் உண்டா என்ற கேள்வி நெடுங்காலம் விடையின்றி இருந்தது. 2003இல் கம்ப்யூட்டர்களை இரண்டு மாத காலம் ஓடவிட்டுத் தேடிய பிறகே, 8×8 பலகையில் அப்படி ஒன்றும் இல்லை என்பது உறுதியாயிற்று.

சின்ன இயந்திரத்தின் சிரமம்

1980களில் வீட்டுக் கம்ப்யூட்டர் என்ற ஒன்று பரவலாயிற்று. இங்கிலாந்தில் 1982இல் சின்கிளேர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்ற சிறு கருவியை வெளியிட்டது. பிற்பாடு புனேயைச் சேர்ந்த டெசிபெல்ஸ் நிறுவனம் அதே வகைக் கருவியை நம் நாட்டில் விற்றது. 1984-85ஆம் கல்வியாண்டில் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வழியாகப் பி.பி.சி. மைக்ரோ என்ற கருவி பள்ளிகளுக்கு வந்தது. அந்நாளில் பள்ளியில் படித்த சிலருக்கு அது நினைவிருக்கும். இவற்றை டி.வி. பெட்டியோடு இணைப்பார்கள், புரோகிராமை டேப் ரிக்கார்டரின் காஸெட்டில் பதிந்து வைப்பார்கள். பேஸிக் என்ற எளிய மொழியில் வீட்டில் இருப்பவர்களே புரோகிராம் எழுதலாம்.

ஸ்பெக்ட்ரமின் நினைவகம் 48 கே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதுபோலப் பல மடங்கு வேண்டும். பேஸிக்கில் எழுதினால் அது ஒரு விநாடிக்குச் சில நூறு கட்டளைகளைத்தான் செய்யும். இந்த இயந்திரத்திடம் “எல்லா வழிகளையும் முயன்று பார்” என்று சொன்னால் என்ன ஆகும்? தொடங்கிய கட்டத்துக்கே திரும்பி வரக்கூடிய குதிரைச் சுற்றுகள் மட்டும் 13 லட்சம் கோடிக்கு மேல் உண்டு. முட்டி நிற்கும் வழிகள் அவற்றைவிட எத்தனையோ மடங்கு. தவறான ஒரு கிளைக்குள் புகுந்துவிட்டால் இயந்திரம் அதிலிருந்து வெளியே வர நம் ஆயுள் போதாது. ஆகவே வேகத்தை நம்பிப் பயனில்லை, யோசனை வேண்டும்.

வார்ன்ஸ்டார்ஃபின் விதி

ஆய்லர் என்ற பெரும் கணித அறிஞர் 1759இல் இந்தப் புதிரை ஆராய்ந்தார். 1823இல் வார்ன்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியர் ஒரே வரியில் ஒரு விதியைச் சொன்னார்: “அடுத்து எந்தக் கட்டத்திலிருந்து வெளியேற வழிகள் மிகக் குறைவோ, அந்தக் கட்டத்துக்கே முதலில் போ.”

இதன் பொருள் விளங்கக் கீழே உள்ள எண்களைப் பாருங்கள். பலகையின் ஒரு மூலையில் உள்ள கால்பகுதி இது. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் குதிரைக்கு எத்தனை வழிகள் என்பதைக் காட்டுகிறது. மற்ற மூன்று கால்பகுதிகளும் இப்படியே அமையும்.

2 3 4 4
3 4 6 6
4 6 8 8
4 6 8 8

மூலைக்கட்டத்துக்கு இரண்டே வழிகள்: ஒன்று உள்ளே வர, மற்றொன்று வெளியேற. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் அந்த இரண்டு வழிகளும் அடைபட்டுவிடும். நடுக்கட்டங்களுக்கு எட்டு வழிகள், அவை காத்திருக்கும். பந்தியில் பரிமாறுகிறவர் அவசரமாக எழ வேண்டியவருக்கு முதலில் பரிமாறுவார் அல்லவா? அதே நியாயம்தான் இதுவும்.

புரோகிராம் எழுதும் முறை

1. 8×8 பலகையைச் சுற்றி இரண்டு கட்ட அகலத்துக்குக் கரை கட்டி, 12×12 அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கட்டங்கள் எல்லாவற்றிலும் ‘மிதித்தாயிற்று’ என்று முதலிலேயே குறித்துவிடுங்கள். குதிரை பலகைக்கு வெளியே போகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கும் வேலை மிச்சம். ஸ்பெக்ட்ரமில் ஓர் எண்ணுக்கு 5 பைட் வீதம் இந்த அட்டவணைக்கு 720 பைட்தான் ஆகும்.

2. குதிரையின் எட்டு நடைகளையும் சிறு பட்டியலாகச் சேமியுங்கள்: இரண்டு மேலே ஒன்று வலம், இரண்டு மேலே ஒன்று இடம் என்பதுபோல.

3. குதிரை இப்போது நிற்கும் கட்டத்திலிருந்து எட்டு நடைகளையும் பாருங்கள். மிதிக்காத கட்டம் கிடைத்தால், அங்கிருந்து மேலும் எத்தனை மிதிக்காத கட்டங்களுக்குப் போகலாம் என்று எண்ணுங்கள்.

4. எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள கட்டத்துக்குக் குதிரையை நகர்த்தி, அதில் வரிசை எண்ணை எழுதுங்கள். இரண்டு கட்டங்கள் சமமாக இருந்தால் ஏதேனும் ஒன்றைக் குலுக்கலில் எடுக்கலாம்.

5. 64 வந்ததும் நிறுத்துங்கள்.

சில நிமிடங்களில் திரை நிரம்பிவிடும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விதி எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. சமநிலையில் தவறான கட்டத்தை எடுத்ததனால் சில வேளைகளில் குதிரை மாட்டிக்கொள்ளும். அப்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால் போதும். பெரும்பாலும் அடுத்த முயற்சியிலேயே வந்துவிடும்.

இயந்திரத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

சிறு பிள்ளைகள் 5×5 கட்டத்தில் தொடங்கலாம். இதோ ஒரு விடை. எண்களின் வரிசையில் விரலை நகர்த்திச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

1 6 15 10 21
14 9 20 5 16
19 2 7 22 11
8 13 24 17 4
25 18 3 12 23

இப்போது மூலைக்கு அடுத்த கட்டத்திலிருந்து (மேலே 6 என்று இருக்கும் இடம்) தொடங்கச் சொல்லுங்கள். எத்தனை முறை முயன்றாலும் வராது. காரணம் எளிது. குதிரை ஒவ்வொரு நடையிலும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கும், வெள்ளையிலிருந்து கறுப்புக்கும் மாறும். 5×5 பலகையில் மூலையின் நிறத்தில் 13 கட்டங்கள். மற்ற நிறத்தில் 12. மாறி மாறி 25 கட்டங்களை மிதிக்க வேண்டுமானால் 13 உள்ள நிறத்தில்தான் தொடங்க வேண்டும். இதை யோசிக்காமல் எல்லா வழிகளையும் தேடச் சொன்னால் சின்ன இயந்திரம் மணிக்கணக்கில் ஓடி, கடைசியில் ‘இல்லை’ என்று சொல்லும். பென்சிலும் காகிதமும் இருந்தால் நாம் அதையே அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

அதே பலகையில் கண்கட்டு

விருந்தினர் வந்தால் நாம் ஜகன்மோகன் அரண்மனைக்கு அழைத்துச் செல்கிறோம். அதைக் கட்டியவரும் மும்மடி கிருஷ்ணராஜ உடையார்தான். அங்கே ஹல்தங்கர் வரைந்த, விளக்கேந்திய பெண்ணின் ஓவியத்தின் முன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். வெறும் வண்ணம்தான், ஆனால் விளக்கின் ஒளி அவள் முகத்தில் விழுவதாகவே கண் நம்புகிறது. அறிந்த பிறகும் கண் மாறுவதில்லை. இத்தகைய மயக்கத்தைச் சின்னக் கம்ப்யூட்டரிலும் உண்டாக்கலாம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு காப்பிக்கடைச் சுவரின் கறுப்பு வெள்ளை ஓடுகள் சாய்ந்திருப்பதுபோலத் தோன்றின. கிரெகரி என்ற உளவியல் அறிஞர் 1979இல் அதை விளக்கிக் கட்டுரை எழுதினார். ஸ்பெக்ட்ரமில் அதைச் செய்வது சுலபம். 16 புள்ளி அகலமும் உயரமும் கொண்ட கறுப்பு, வெள்ளைக் கட்டங்களை வரிசையாக அடுக்குங்கள். அடுத்த வரிசையை 8 புள்ளி தள்ளி அடுக்குங்கள். அதற்கடுத்ததைப் பழைய இடத்திலேயே அடுக்குங்கள். இப்படி 11 வரிசைகள். பிறகு வரிசைகளுக்கு இடையே ஒரு புள்ளி தடிப்பில் பச்சைக் கோடு இழுங்கள்.

பச்சை எதற்கு? ஸ்பெக்ட்ரமில் நிறங்களுக்கு 0 முதல் 7 வரை எண்கள். கறுப்பு 0, வெள்ளை 7. இடையில் உள்ளவை ஒளி கூடும் வரிசையில் வரும். பச்சை 4, அதாவது ஏறக்குறைய நடுவில். கறுப்பு வெள்ளை டி.வி.யில் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பலாகத் தெரியும். இந்த மயக்கத்துக்கு வேண்டியதும் அதுவே.

திரையைப் பாருங்கள்: கோடுகள் ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் விரிவதுபோலத் தோன்றும். அடிக்கோலை வைத்து அளந்தால் எல்லாம் சமதூரத்தில் இருக்கும்! ஓடுகளின் விளிம்புகளில் கறுப்பும் வெள்ளையும் கோட்டோடு சேருமிடத்தில் கண் சின்னஞ்சிறு சாய்வுகளைக் காண்கிறது. மூளை அவற்றைக் கோர்த்து நீண்ட சாய்வாக்கிவிடுகிறது. கோட்டைத் தடிப்பாக்கினாலோ, கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாற்றினாலோ சாய்வு வெகுவாகக் குறையும். ஓர் எண்ணை மாற்றி உடனே சோதித்துப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்ல அறிவியல் பாடம்.

எது நிலைத்தது?

தேசிகரின் குதிரை நடை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக வாய்மொழியிலும் ஏட்டிலும் வாழ்ந்து வருகிறது. நாற்பது ஆண்டுக்கு முன் காஸெட்டில் பதிந்த புரோகிராம்களோ டேப்பின் காந்தப்பூச்சு உதிர்ந்து அழிந்து வருகின்றன. பரணில் அப்படிப்பட்ட கருவியோ காஸெட்டோ இருந்தால் பழைய சாமான்காரரிடம் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள். காஸெட்டின் ஒலியை இன்றைய கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைத்தாலே புரோகிராமைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கருவி இல்லாதவர்களுக்கும் கவலை இல்லை. ஸ்பெக்ட்ரம்போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதிய புரோகிராமை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். காகிதம் காஸெட்டைவிட அதிக நாள் இருக்கும்.

நம் பிள்ளைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். காஞ்சியில் பிறந்தவரும் மைசூரை ஆண்டவரும் ஒரே குதிரையின் பின்னால் நடந்தார்கள் என்ற செய்தியை வீட்டில் தமிழில் சொல்ல இந்தப் புதிர் ஒரு நல்ல வாய்ப்பு.

பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: 4×4 பலகையில் குதிரை 16 கட்டங்களையும் சுற்றி வர முடியுமா? முடியாது என்றால் ஏன்? கம்ப்யூட்டரைத் தொடும் முன், மூலைக்கட்டங்களுக்கு எத்தனை வழிகள் என்று எண்ணிப் பார்த்து, விடையைத் தமிழில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.