பிரசவ அறையில் யாருடைய சம்மதம்?

தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் இன்று மருத்துவமனைகளில்தான் நிகழ்கின்றன. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) தரும் விகிதம் 99.6 சதவீதம். அதே ஆய்வின்படி, நம் மாநிலத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் அறுவை சிகிச்சையில் முடிகின்றன. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் இது 63.8 சதவீதம். அகில இந்திய சராசரி 21.5 சதவீதமே. இவற்றில் எத்தனை அவசியமானவை என்ற விவாதம் அடிக்கடி எழுகிறது. அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தது யார்?

பெரியபாளையம் பகுதியில் பிரசவம் சிக்கலாகும் எனத் தெரிந்தால், திருவள்ளூருக்கோ பொன்னேரிக்கோ சென்னைக்கோ ஆம்புலன்ஸில் அழைத்துச் செல்கிறார்கள். கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்டில் இருப்பார். உடன்வந்த மாமியாரிடமோ அண்ணனிடமோ படிவம் நீட்டப்படும். 'எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?' என்பதற்கு மேல் அங்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ பிழைக்க வந்த குடும்பம் என்றால், படிவத்தின் மொழியே புரியாது. உள்ளே வலியில் இருப்பவளுக்குத் தன் உடலில் என்ன செய்யப்போகிறார்கள் என்பது பல வேளைகளில் கடைசியாகத்தான் தெரியவருகிறது.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கு முக்கியமானது. பரிசோதனைக்கான லேப்ராஸ்கோபிக்கு ஒப்புதல் அளித்த 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் பெற்று அவரது கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அது செல்லாது என்றது நீதிமன்றம். ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்குப் பொருந்தாது; உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த பெண்ணுக்காக, அவரைப் பெற்ற தாய்கூடச் சம்மதிக்க இயலாது. வழங்கப்பட்ட இழப்பீடு 25 ஆயிரம் ரூபாய் மட்டுமே என்பது வேறு கதை.

ஆனால், மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளைப் பாருங்கள். அறுவை சிகிச்சைக்கு யாரிடம் எழுத்துபூர்வ ஒப்புதல் பெற வேண்டும் என்ற பட்டியலில் 'கணவர் அல்லது மனைவி' முதலில் வருகிறார். நோயாளி கடைசியில் வருகிறார். 2023-இல் வந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால், பழைய விதிகளுக்கே மீண்டும் உயிர் வந்தது. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமோ, வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே போதும் என்கிறது. கருவைக் கலைக்கத் தன் சொல் ஒன்றே போதுமானவளுக்கு, பிள்ளை பெறும்போது மட்டும் கணவரின் கையொப்பம் ஏன்?

இதன் விளைவு சிசேரியனோடு நிற்பதில்லை. 1990-களில் தமிழகத்தில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், பிரசவம் முடிந்த கையோடு பெண்களின் சம்மதமின்றியே காப்பர்-டி பொருத்தப்பட்டதை 2003-இல் வெளியான தம் நூலில் பதிவுசெய்தார். பிரசவத்துக்கு வந்ததையே எல்லாவற்றுக்குமான சம்மதமாக எடுத்துக்கொண்டதன் விளைவு அது.

மருத்துவச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதைப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963-இலேயே விளக்கினார். மாரடைப்பைப் போலன்றி, பிரசவம் பல மாதங்கள் முன்னறிவித்து வருகிறது. தகவலைக் கைமாற்ற இவ்வளவு அவகாசம் தரும் மருத்துவ நிகழ்வு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த அவகாசத்தை வீணடித்துவிட்டு, இடுப்பு வலியின் உச்சத்தில் படிவத்தை நீட்டுகிறோம்.

மருத்துவர்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் நெரிசலில் ஒவ்வொருவரிடமும் விளக்கிப் பேச நேரமில்லை. ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் உறவினர்கள் தாக்குவார்கள் என்ற அச்சத்தில், குடும்பத்தாரின் கையொப்பத்தைக் கவசமாகக் கருதுகிறார்கள். நெருக்கடியில் உயிர்காக்கச் செய்வதைச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால், முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யும் சிசேரியன்கள்? அவற்றுக்கு நாளும் நட்சத்திரமும் ராகு காலமும் பார்க்கக் குடும்பத்துக்கு அவகாசம் கிடைக்கிறது; அந்தப் பெண்ணிடம் பேச மட்டும் கிடைப்பதில்லை.

சம்மதம் என்பது சிசேரியனுக்கு எதிரான கோஷம் அன்று. பிரிட்டனில் நீரிழிவு உள்ள, சிறிய உடல்வாகு கொண்ட ஒரு தாயிடம், குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து 9 முதல் 10 சதவீதம் என்பதை மருத்துவர் சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று கருதினார். குழந்தை மூளை பாதிப்புடன் பிறந்தது. நோயாளி முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2015-இல் மாண்ட்கோமரி வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறியது. எவ்வளவு சொல்வது என்பதில் நம் 2008 தீர்ப்பு இந்த அளவுக்குச் செல்லவில்லை. மருத்துவர்களிடையே நிலவும் வழக்கத்தையே அளவுகோலாக ஏற்றது.

பிரசவ அறையில் பெண் உறவினர் ஒருவர் உடனிருக்க, 2004-லேயே அரசு மருத்துவமனைகளில் வழிசெய்த மாநிலம் இது. அடுத்த படி அவ்வளவு கடினமானதும் அன்று. மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும்போதே, ஏழாவது மாதத்துக்குள், எந்தச் சூழலில் சிசேரியன் தேவைப்படும், மறுத்தால் என்னவாகும், கருத்தடை வேண்டுமா என்பவற்றைச் செவிலியர் பேசி, பெண்ணின் பதிலைத் தாய் சேய் நல அட்டையில் குறித்துவைக்கலாம். ஒப்புதல் படிவத்தில் முதல் கையொப்பத்துக்கான இடம் அவளுடையதாக இருக்கட்டும். கணவர் சாட்சியாகக் கீழே போடலாம். கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் அந்தப் படிவம் இந்தியிலும் ஒடியாவிலும் கிடைக்க வேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஓர் அரசாணையும் சில கட்டுக் காகிதமும்தான்.