சொட்டாத ஓட்டை

சினிமா படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்குமே கேரவன், அதைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவில் சாதாரணக் குடும்பங்கள்கூட அப்படி ஒரு வண்டி வைத்திருப்பதுண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். கோடை வந்தால் வீட்டோடு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். குளிர்காலத்தில் வண்டிக்கு ஓய்வு. ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு வகை நம்பர் பிளேட் உண்டு. அதன் ஓரத்தில் மேலே 04, கீழே 10 என்று இருந்தால், ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் அந்த வண்டி சாலைக்கு வரலாம். மற்ற ஐந்து மாதமும் கொட்டகையில்தான்.

அப்படி நின்ற ஒரு பழைய டீசல் வண்டியை ஏப்ரலில் வெளியே எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமுகிறது. சில நொடிகள் ஓடுகிறது, திணறுகிறது, நின்றுவிடுகிறது. மறுபடி சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது, ஆகவே பேட்டரி மேல் பழி இல்லை. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் தரையில் ஒரு சொட்டு ஒழுகல்கூட இல்லை. ஆனாலும் இன்ஜின் பிடிக்க மறுக்கிறது.

இங்கே முதல் துப்பு புகைக்குழாயில் கிடைக்கும். செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். புகையே வராவிட்டால் டீசல் போகவே இல்லை. நம் வண்டியில் புகை இல்லை. டேங்கில் இருக்கும் டீசல் இன்ஜினுக்குப் போகாமல் எங்கே நிற்கிறது?

பெட்ரோல் இன்ஜினில் பிளக் ஒரு தீப்பொறி தரும், பெட்ரோல் பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அடக்கிவிடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அழுத்தினால் சூடேறும். சிலிண்டருக்குள் அந்தச் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நேரம் பார்த்து நாசில் வழியாக டீசலைப் பொடித்தூறலாகத் தெளித்தால் தானே தீப்பிடிக்கும். ருடால்ஃப் டீசல் என்ற பொறியாளர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ல் இதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அவருடைய அந்த இன்ஜினில் எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளியதே அழுத்திய காற்றுதான். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும். அது கனம், இடத்தையும் அடைக்கும், சாலை வண்டிக்குத் தோதுப்படாது. எண்ணெயை மட்டுமே அழுத்தித் தெளிக்கும் சிறிய பம்புகளை பாஷ் நிறுவனம் 1927-ல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. லாரியிலும் டிராக்டரிலும் டீசல் இன்ஜின் பரவ இந்தப் பம்பு பெரிதும் உதவியது. ஆனால் அதோடு ஒரு கண்டிப்பும் வந்தது: டீசல் போகும் குழாயில் காற்று இருக்கவே கூடாது.

ஏன் கூடாது என்பதை நீங்களே செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத புது சிரிஞ்ச் ஒன்றில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். முனையை விரலால் இறுக அடைத்துக்கொண்டு தள்ளுங்கள். கல் மாதிரி நிற்கும், நகராது. இப்போது பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் காற்றை விடுங்கள். தள்ளினால் உள்ளே போகும், விட்டால் திரும்பி வரும். நீங்கள் தள்ளிய தூரமெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விட்டது, தண்ணீர் மேல் அழுத்தம் அவ்வளவாக ஏறவில்லை.

வண்டியிலும் இதேதான் நடக்கிறது. நாசில் திறக்க வேண்டுமானால், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். ஒரு தள்ளலில் பம்பு அனுப்பும் டீசலோ பெரும்பாலும் ஒரு சொட்டுக்கும் குறைவு. குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் போதும், அந்தத் துளித் தள்ளலைக் குமிழி சுருங்கியே விழுங்கிவிடும். நாசில் மூடியபடியே இருக்கும்.

சரி, எங்கும் ஒழுகவில்லையே, காற்று எப்படி நுழைந்தது? எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். ஒழுகினால்தான் ஓட்டை என்று நினைக்கிறோம். டீசல் டேங்க் கீழே இருக்கிறது, இன்ஜின் மேலே இருக்கிறது. பம்பு டீசலை உறிஞ்சுவதால் அந்த நீளக் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் நடுவே ஒரு சின்னக் கீறல் விழுந்தால் என்ன ஆகும்? இளநீர் வெளியே சிந்தாது, வாய்க்குள் காற்றுதான் வரும். வண்டியின் ரப்பர் ஹோஸில் நுனிப்பக்கம் வெடிப்பு விட்டிருந்தாலோ, பில்டர் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து சுருங்கியிருந்தாலோ இதே கதைதான். டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது அந்த வழியாகக் காற்று மெல்ல நுழைய, குழாயில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. பம்பிலும் பில்டரிலும் மிச்சமிருந்ததைக் கொண்டு இன்ஜின் சில நொடி ஓடியது. அது தீர்ந்ததும் வந்தது காற்று.

ஓட்டையைப் பிடிக்க மெக்கானிக் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்த் துண்டைப் பில்டருக்கும் பம்புக்கும் நடுவே மாட்டுவார். இன்ஜினைச் சுற்றவிட்டால் உள்ளே குமிழிகள் வரிசையாக ஓடுவது தெரியும். அடுத்து, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனிலிருந்து பில்டருக்கு டீசல் கொடுப்பார். குமிழி நின்றுவிட்டால் ஓட்டை டேங்குக்கும் பில்டருக்கும் நடுவில் இருக்கிறது. நிற்காவிட்டால் பில்டர் பக்கம். மொத்த வண்டியும் சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது, இப்போது ஒரு பகுதிதான் பாக்கி. எந்தக் கருவியையும்விட இந்தப் பாதியாக்கும் யோசனைதான் மேலானது என்பேன். வெடித்த ஹோஸையும் காய்ந்த வளையத்தையும் மாற்ற அதிகச் செலவு ஆகாது.

மாற்றியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். இதைத்தான் நம் ஊர் டிராக்டர் மெக்கானிக்குகள் 'ஏர் எடுப்பது' என்கிறார்கள். பில்டர் மேலுள்ள சின்னத் திருகைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு சோப்பு நுரை மாதிரி டீசல், கடைசியில் குமிழி இல்லாத தெளிந்த டீசல் வழியும். உடனே திருகை இறுக்கிவிட வேண்டும். பிறகு சாவியைத் திருப்பினால், முதலில் ஒரு சிலிண்டர் மட்டும் பிடித்துத் தடதடவென்று ஆடும். கொஞ்சம் வெள்ளைப் புகை வரும். ஒவ்வொன்றாக மற்ற சிலிண்டர்களும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் ஊர்ப் பட்டறையில் யாராவது ஏர் எடுத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள், ஆனால் நாசிலுக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய்கள் பக்கம் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். இப்போது வரும் புது வண்டிகளில் அந்த அழுத்தம் பழையதைவிடப் பல மடங்கு அதிகம். அவற்றில் இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாய்களை மெக்கானிக்கே தளர்த்தக் கூடாது.