நாட்டு மருந்துக் கடையில் ஒரு ரகசியம்!

திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்குச் சுக்கு வாங்க வருகிறவர் உரக்கக் கேட்பார். திப்பிலி வாங்க வருகிறவரும் உரக்கத்தான் கேட்பார். சிலர் மட்டும் கூட்டம் கலையும் வரை ஒதுங்கி நிற்பார்கள். பிறகு மெல்ல, "அண்ணே, அந்தச் சூரணம் இருக்கா?" என்பார்கள்.

எந்தச் சூரணம் என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பதில்லை. அவருக்குத் தெரியும்!

ஆண்மைக் குறைவுக்கு மருந்து கேட்கத்தான் இத்தனை கூச்சம்.

அந்தச் சூரணத்தில் என்ன இருக்கிறது? அமுக்கராக் கிழங்கு, நிலப்பனைக் கிழங்கு, தண்ணீர்விட்டான் கிழங்கு, நெருஞ்சில், பூனைக்காலி விதை. எல்லாம் நம் மண்ணில் விளைகிற சரக்குதான்.

இவற்றில் பூனைக்காலியின் கதை சுவையானது. இது வேலியில் படரும் கொடி. காயின் மேல் சுணை இருக்கும். கை பட்டால் அரிப்பு உயிரை வாங்கும்! விதையை அப்படியே தின்னக் கூடாது. வைத்தியர்கள் அதைப் பாலில் வேக வைத்துத் தோலை உரித்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். 1937-ல் சென்னைப் பல்கலைக்கழகச் சோதனைச் சாலையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் இந்த விதையிலிருந்து 'எல்-டோப்பா' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கை கால் நடுக்க நோய்க்கு இன்று உலகம் முழுவதும் கொடுக்கும் மருந்து அதுவே. லக்னோவில், குழந்தையில்லாத ஆண்களுக்கு இந்த விதைப் பொடியை மூன்று மாதம் பாலில் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணு கூடியது. ஆனால் அது சிறிய சோதனை. மேலும், விந்தணு கூடுவது வேறு. ஆண்மைக் குறைவு தீருவது வேறு.

அமுக்கரா மனக் கலக்கத்தைக் குறைக்கிறது என்று சில சோதனைகள் சொல்கின்றன. கவலையால் வந்த குறை அதனால் கொஞ்சம் தணியலாம். ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் கெட்டதும் உண்டு. டென்மார்க் நாடு 2023-ல் அதற்குத் தடையே போட்டுவிட்டது. நெருஞ்சிலுக்குப் பேர் பெரிது. சோதனைகளில் பலன் சிறிது.

முருங்கைக்காயை மறக்கலாமா? 1983-ல் வந்த 'முந்தானை முடிச்சு' படத்துக்குப் பிறகு, அதன் பேரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். சாம்பாருக்கு நல்ல காய். அதற்கு மேல் நிரூபணம் இல்லை.

சரி, இந்தக் குறை ஏன் வருகிறது? பெரும்பாலும் ரத்த ஓட்டம் குறைவதால்தான். அந்த உறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய், இருதயக் குழாயை விட மெல்லியது. ஆகவே அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். மாரடைப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடம்பு தரும் எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம்! சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, பீடி, சாராயம் எல்லாமே இதற்குக் காரணம் ஆகும்.

ரகசியமாகச் சூரணம் வாங்கித் தின்றுகொண்டே இருக்கிறார் ஒருவர். உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. மனைவிக்கும் தெரியாது. பாவம், குழந்தை இல்லாத பழி மட்டும் அவள் தலையில்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. 'முழுக்க மூலிகை' என்று விற்ற மாத்திரைகள் பலவற்றில், 'வயாகரா'வில் உள்ள சில்டெனாஃபில் மருந்தைத் திருட்டுத்தனமாகக் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைக்கிறவர் இதையும் விழுங்கினால், ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து உயிரே போகலாம்.

ஆண்மை பெருகும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆனாலும் பஸ் நிலையச் சுவர்களைப் பாருங்கள்!

சித்த வைத்தியமே வேண்டும் என்பவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. பட்டம் பெற்ற வைத்தியர் இருப்பார். காசும் செலவில்லை. சூரணம் எழுதித் தருவதற்கு முன் சர்க்கரை, கொதிப்பு இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். மனைவியையும் கூட அழைத்துப் போகலாம்.